பூட்டு அலமாரியில், திருடன் வீட்டுக்குள்!

வீட்டுக் கதவின் பூட்டு பழுதாகிவிட்டது. பூட்டைச் செய்தவரே தேடி வந்தார். காசு வாங்காமல் புதுப் பூட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். “இன்றைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்” என்றார்.

நாளை, நாளை என்று இரண்டு மாதம் ஓடியது. திருடன் வந்தான். வீடு காலி!

குற்றம் யாருடையது? திருடனுடையதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பூட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் திண்ணையில் படுத்த வீட்டுக்காரரை ஊர் சும்மா விடுமா?

இது கற்பனை. ஆனால் இதே போன்ற ஒன்று 2017-ம் ஆண்டு உலகம் முழுவதும் நடந்தது. வீட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர். பூட்டுக்குப் பதில் ஒரு திருத்தம். அவ்வளவுதான் வேறுபாடு.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால், அதே நிலைமை இப்போது மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமை வந்த வினை

2017 மே 12. வெள்ளிக்கிழமை.

இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றியது. “உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம். 300 டாலர் கொடுத்தால் திறந்துவிடுகிறோம்” என்பது அதில் இருந்த செய்தி.

300 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் சுமார் 19 ஆயிரம் ரூபாய். மூன்று நாள் கடந்தால் இரண்டு மடங்கு. ஏழு நாள் கடந்தால் கோப்புகள் போனது போனதுதான்!

பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்பார்கள் அல்லவா? அதுபோலக் கணக்குகளைக் கடத்தி வைத்துக்கொண்டு பணம் கேட்டார்கள்.

இந்த நச்சு நிரலுக்குப் பெயர் ‘வானாக்ரை’. ‘அழவேண்டுமா?’ என்று கேட்பது போன்ற பெயர். பெயருக்கு ஏற்றபடி அது பலரை அழ வைத்தது.

இங்கிலாந்தில் இருந்த 236 ஆஸ்பத்திரி அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் காத்திருந்த 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முறை ரத்தாகியிருக்கும் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. சில ஊர்களில் அவசர நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன.

வாளையாறுக்கு அந்தப் பக்கம்

“அது எங்கோ சீமையில் நடந்தது” என்று நினைக்க வேண்டாம்.

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை இருக்கிறது. அந்த வானாக்ரை அதையும் தொட்டது. திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றையும் தொட்டது. ஆந்திரப் போலீஸ் நிலையங்களிலும் புகுந்தது.

கோவையிலிருந்து வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு. அங்கே தெற்கு ரயில்வேயின் கோட்ட அலுவலகம் இருக்கிறது. 2007-ம் ஆண்டு சேலம் கோட்டம் பிரியும் வரை, கோவை ரயில் நிலையமும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது. அந்த அலுவலகத்தில் ஊழியர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. நல்லவேளை, ரயில் ஓட்டம் பாதிக்கப்படவில்லை.

நீலகிரிக்கு அடுத்த வயநாட்டில் தரியோடு என்று ஒரு சிறிய ஊராட்சி. அந்த ஊராட்சி அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை.

இதைக் கவனிக்க வேண்டும். திருடன் பெரிய வீடு, சிறிய வீடு என்று பார்க்கவில்லை. இங்கிலாந்து ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். மலையோர ஊராட்சி அலுவலகமும் ஒன்றுதான். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ, அந்தக் கதவில் நுழைந்தான்.

சாவிக்கொத்து வைத்திருப்பவர்

அந்தக் கதவு எது?

ஒரு பஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் எல்லா அறைகளுக்கும் உரிய சாவிக்கொத்து ஒரே ஒருவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் போகாத அறை இல்லை. திறக்காத பெட்டி இல்லை.

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு பகுதி உண்டு. அதற்குக் ‘கெர்னல்’ என்று பெயர். விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளின் மையப் பகுதி அது. கணக்கு எழுதும் மென்பொருளும், கடிதம் எழுதும் மென்பொருளும் அதன் அனுமதி பெற்றுத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒரே அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பிரிண்டர் ஒன்றுதான். மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் இருக்கும் கோப்பை மற்றொன்று எடுத்துப் படிக்கிறது. இந்தப் பகிர்வு வேலையையும் விண்டோஸில் கெர்னலே பார்த்து வந்தது.

அதாவது, சாவிக்கொத்து வைத்திருப்பவரே வாசலிலும் நின்று, தெருவில் போகிறவர் கொடுக்கும் கடிதங்களை வாங்கிக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்றினால் ஆலையே கையில்!

அப்படித்தான் ஏமாற்றினார்கள்.

ஒரு சிறிய கணக்குப் பிழை

எப்படி ஏமாற்றினார்கள்? இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயர் படிப்பு வேண்டாம். பேரேடு பார்க்கத் தெரிந்தால் போதும்.

பஞ்சு கிடங்கு ஒன்றின் பேரேட்டில் 1,00,000 என்று ஓர் எண் இருக்கிறது. சரிபார்த்ததில் 99,950-தான் சரி என்று தெரிகிறது. கணக்குப்பிள்ளை திருத்த வருகிறார். அவரோ வலது பக்கத்து ஐந்து இலக்கங்களை மட்டும் அழித்து, அந்த இடத்தில் 99,950 என்று எழுதுகிறார். இடது கோடியில் இருந்த 1-ஐ அழிக்க மறந்துவிடுகிறார்.

இப்போது பேரேட்டில் என்ன இருக்கும்? 1,99,950!

குறைக்க வந்த எண் கூடிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

விண்டோஸ் கெர்னலில் இருந்த பிழை இதேதான். வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலின் அளவு 65,536 என்று இருக்கும். சரிபார்த்தால் 65,373 என்று குறைய வேண்டும். ஆனால் எண்ணின் பாதியை மட்டும் மாற்றி எழுதியதால், அது 1,30,909 ஆகிவிட்டது.

அடுத்து நடந்தது என்ன?

கெர்னல், சரியான அளவுக்கு ஏற்றபடி சிறிய இடம் ஒன்றை ஒதுக்கியது. ஆனால் பட்டியலைக் கொண்டுவந்து கொட்டும்போது, தவறான பெரிய எண்ணைப் பார்த்துக் கொட்டியது. நூறு மூட்டைக்கு ஒதுக்கிய இடத்தில் இருநூறு மூட்டையை இறக்கினால் என்ன ஆகும்? பக்கத்து இடத்தில் போய் விழும்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பக்கத்து இடம் சும்மா இருப்பதில்லை. அங்கே கெர்னலின் சொந்தக் குறிப்புகளும் கட்டளைகளும் இருக்கும். வழிந்து விழுந்த சரக்கு அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அனுப்பியவன் கெட்டிக்காரனாக இருந்தால், தன்னுடைய கட்டளையையே அங்கே விழும்படி செய்துவிடுவான். கெர்னல் அதைத் தன் கட்டளை என்று நம்பி நிறைவேற்றும்!

கடவுச்சொல் தேவையில்லை. யாரும் எதையும் தொடத் தேவையில்லை. கம்ப்யூட்டர் தொடர்பில் இருந்தால் போதும். ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தது அடுத்த கம்ப்யூட்டரைத் தானே தேடிப் போகும். ஓர் அறையில் பிடித்த தீ ஆலை முழுவதும் பரவுவது போலப் பரவும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பிழை இருந்த பகுதி எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? ஓ.எஸ்.2 என்று 1987-ல் வந்த பழைய அடிப்படை மென்பொருளோடு பேசுவதற்காக! அந்த மென்பொருளை மக்கள் மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அதற்காக வைத்த வாசல் மட்டும் அடைக்கப்படாமலே கிடந்தது. மாட்டு வண்டி நின்று போன பிறகும் வண்டிக்காக வைத்த பின்கதவு திறந்தே கிடந்தது போல!

தெரிந்தும் மறைத்தார்கள்

இந்த ஓட்டையை முதலில் கண்டவர்கள் திருடர்கள் அல்ல. அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை!

அவர்கள் அதை விண்டோஸ் செய்யும் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு உடனே சொல்லவில்லை. வேவு பார்க்கும் கருவியாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு ‘எடர்னல் புளூ’ என்று பெயர். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது பயன்பட்டதாக ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை எழுதியது.

கடைசியில் அந்தக் கருவியே களவு போயிற்று. ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் 2017 ஏப்ரல் 14-ந் தேதி அதை ஊரறிய வெளியிட்டது.

அதை எடுத்து வானாக்ரையில் பூட்டி ஏவியது வட கொரியா என்று அமெரிக்காவும் இங்கிலாந்தும் குற்றம்சாட்டின. வட கொரியா மறுத்தது.

வேலிக்கு வைத்த முள் காலில் தைத்தது என்பார்களே, அதுதான் இது. ஊருக்குப் பொதுவான பூட்டில் ஓட்டை இருப்பது தெரிந்தால், பூட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது அரசின் கடமை. எதிரி வீட்டை மட்டும் திறக்கலாம் என்று நினைப்பது தவறு. ஏனென்றால் சொந்த மக்களின் வீட்டிலும் அதே பூட்டுத்தான் தொங்குகிறது. எந்த நாட்டு அரசுக்கும் இது பொருந்தும்.

பூட்டு வந்த தேதி

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம்.

வானாக்ரை வந்தது 2017 மே 12. இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது எப்போது? 2017 மார்ச் 14!

இரண்டு மாதத்துக்கு முன்பே பூட்டு வந்துவிட்டது. காசு இல்லாமலே வந்தது. மாட்டியவர்கள் பிழைத்தார்கள். மாட்டாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

“பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருந்தவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள்” என்று அப்போது பலர் சொன்னார்கள். உண்மை அது அல்ல. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குத் திருத்தம் தயாராகவே இருந்தது. போடத்தான் ஆள் இல்லை!

இந்த வேகத்தை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞர். வானாக்ரை ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்ப்பதையும், அந்த முகவரி யார் பெயரிலும் இல்லாததையும் அவர் கண்டார். சுமார் 700 ரூபாய் கொடுத்து அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். அந்த முகவரி கிடைத்தால் வானாக்ரை தானாகவே அடங்கிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. பரவல் தணிந்தது.

ஆனால் ஓட்டை அடைபடவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, 2017 ஜூன் 27-ந் தேதி ‘நாட்பெட்யா’ என்ற இன்னொரு நச்சு நிரல் கிளம்பியது. அது பரவிய வழிகளில் இதே ஓட்டையும் ஒன்று. மெர்ஸ்க் என்ற உலகப் பெரும் கப்பல் கம்பெனி முடங்கியது. 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் சரக்கு முனையமும் நின்றது.

கப்பல் நின்றால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் திருப்பூர் பனியனும் நிற்கும். திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர்கூடப் பாதிக்கப்படாவிட்டாலும், கடலில் நின்ற கப்பலின் பாதிப்பு பனியன் கம்பெனிக்கு வந்து சேரும். இன்றைய வாணிபம் அப்படி.

“ஓடறதை எதுக்குங்க நோண்டோணும்?”

திருத்தம் கையில் இருந்தும் ஏன் போடவில்லை? சோம்பலா? அப்படிச் சொல்லிவிட்டால் அநியாயம்.

கொங்கு நாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எந்திரத்தைப் பற்றி ஒரு பழுத்த அறிவு உண்டு. “நல்லா ஓடிட்டு இருக்குதுங்க; அதை எதுக்குங்க நோண்டோணும்?” என்பார்கள். தறிக்கும் சரி, கடைசல் எந்திரத்துக்கும் சரி, பம்பு மோட்டாருக்கும் சரி, இது நல்ல அறிவுரைதான். ஒழுங்காக ஓடும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால், ஓடாத மோட்டார்தான் மிஞ்சும்.

ஆனால் கம்ப்யூட்டர் வேறு சாதி எந்திரம்.

மோட்டார் தேய்ந்தால் சத்தம் கேட்கும், சூடு தெரியும். கம்ப்யூட்டரில் ஓட்டை இருந்தால் சத்தமும் வராது, சூடும் தெரியாது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். திருடன் நுழையும் நிமிடம் வரை நன்றாகவே ஓடும்.

மோட்டாரின் எதிரி தேய்மானம். கம்ப்யூட்டரின் எதிரி மனிதன். தேய்மானத்துக்கு மூளை இல்லை, மனிதனுக்கு உண்டு.

இன்னும் சில உண்மையான சங்கடங்களும் உண்டு. பின்னலாடை எந்திரத்தோடும், எம்பிராய்டரி எந்திரத்தோடும், ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கருவியோடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் சேர்ந்தே வரும். அதில் புது விண்டோஸ் ஏற்றினால் எந்திரமே பேசாமல் போய்விடும். எந்திரத்தை விற்றவர் வேறு நாட்டில் இருப்பார். ஒரு நாள் நின்றால் கூலி நஷ்டம், ஆர்டர் நஷ்டம். இந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து, “ஏன் மாற்றவில்லை?” என்று அதட்டிப் பயனில்லை.

ஆனாலும் ஆபத்து ஆபத்துதான். 2018 ஆகஸ்டில் தைவான் நாட்டில் டி.எஸ்.எம்.சி. என்ற பெரிய சிப் தொழிற்சாலையில் நடந்ததைப் பாருங்கள். புதிதாக வந்த எந்திரம் ஒன்றை, சோதிக்காமல் தொழிற்சாலையின் தொடர்பில் மாட்டினார்கள். அதற்குள் வானாக்ரையின் வகை ஒன்று ஒளிந்திருந்தது. திருத்தம் போடாத விண்டோஸ் 7 எந்திரங்களுக்கு அது தாவியது. உற்பத்தி நின்றது. திருத்தம் வந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து இது நடந்தது!

உலகத்துக்கே சிப் செய்து கொடுப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், பல்லடத்திலும் சோமனூரிலும் இருப்பவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

திருத்தமே கெடுத்தால்?

“திருத்தம் போட்டுக் கெட்டவர்களும் உண்டே” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2024 ஜூலை 19-ந் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு திருத்தம், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதற்குக் காரணமும் நினைவகப் பிழைதான். தனக்கு உரிய எல்லையைத் தாண்டிப் படிக்கப் போய் அந்த மென்பொருள் விழுந்தது.

ஆகவே, திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவதும் சரியல்ல. பத்துக் கம்ப்யூட்டர் இருந்தால், முதலில் ஒன்றில் போடுங்கள். ஓரிரு நாள் பாருங்கள். நன்றாக இருந்தால் மற்றவற்றில் போடுங்கள்.

இந்த ஓரிரு நாள் நிதானம் தவறல்ல. இரண்டு மாத உறக்கம்தான் தவறு.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கடையும் ஆலையும் அலுவலகமும் செய்ய வேண்டியவை சிலவே.

முதலாவது, கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்.பி.க்குத் திருத்தம் வருவது 2014-ல் நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. அதன் பிறகும் வேண்டுவோர் தனியாகப் பதிவு செய்து பெறவேண்டும். அதுவும் குறிப்பிட்ட காலம் வரைதான்.

கொங்கு நாட்டில் எத்தனை கல்லாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இன்னும் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அவரவர் மேசையே சொல்லும். 2017-ல் எக்ஸ்.பி. நின்ற இடத்தில் இன்று விண்டோஸ் 10 நிற்கிறது. இதுதான் இன்றைய எச்சரிக்கை.

இரண்டாவது, மாற்றவே முடியாத பழைய கம்ப்யூட்டரை வெளித்தொடர்பிலிருந்து வெட்டிவிடுங்கள். எந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு இணையம் எதற்கு? அதில் வாட்ஸ்அப் பார்க்க வேண்டியதும் இல்லை. பாட்டுக் கேட்க வேண்டியதும் இல்லை. அலுவலகத்தின் மற்றக் கம்ப்யூட்டர்களோடும் அதைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, கணக்குகளுக்குப் பிரதி எடுங்கள். தனி வட்டில் எடுத்து, எடுத்ததும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். மாட்டியபடியே இருந்தால், மூலத்தைப் பூட்டுகிறவன் பிரதியையும் பூட்டிவிடுவான். பிரதி கையில் இருப்பவரிடம் கடத்தல்காரனின் பேச்சு எடுபடாது.

நான்காவது, திருட்டு விண்டோஸ் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், ஏற்றிக் கொடுத்தவர் திருத்தம் வரும் வழியையே அடைத்திருக்கக்கூடும். உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார் என்பதும் தெரியாது.

ஐந்தாவது, மாட்டிக்கொண்டால் மறைக்காதீர்கள். கம்ப்யூட்டரை உடனே தொடர்பிலிருந்து பிரியுங்கள். சைபர் குற்றப் போலீசில் புகார் செய்யுங்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதம் இல்லாமல் போன் செய்யுங்கள். பணம் கொடுத்தால் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜை வருகிறது. தறியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறார்கள். பொட்டு வைப்பது நல்லது. அதோடு மாதத்துக்கு ஒரு நாள் திருத்தம் போடுவது அதைவிட நல்லது. மைக்ரோசாப்ட் கம்பெனி மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. நம் நாட்டில் அது வந்து சேரும்போது பெரும்பாலும் இரவோ புதன்கிழமையோ ஆகிவிடும். அந்த வாரத்திலேயே ஒரு நேரத்தை ஒதுக்கி, பொறுப்பான ஒருவரிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம்.

செய்பவர்களின் கடமை

எல்லாப் பாரத்தையும் வாங்கியவர் தலையிலேயே ஏற்றுவது நீதி ஆகாது. பூட்டுச் செய்பவருக்கும் கடமை உண்டு.

நினைவகத்தில் அளவு மீறிக் கொட்டும் பிழை புதியது அல்ல. 1988 நவம்பரில் அமெரிக்காவில் பரவிய ‘மாரிஸ் புழு’ பயன்படுத்திய வழிகளில் இதே வகைப் பிழையும் ஒன்று. 2017-லும் அதே பிழை. இடையில் 29 ஆண்டுகள்!

ஏன் தீரவில்லை? 1970-களில் உருவான ‘சி’ என்ற நிரல் மொழியில்தான் கெர்னல்கள் பெரும்பாலும் எழுதப்பட்டன. அது வேகமான மொழி; திறமையான மொழி. ஆனால் இடம் போதுமா என்று அது தானாகப் பார்க்காது. எழுதுபவர்தான் பார்க்க வேண்டும். எழுதுபவர் மனிதர். ஒரு முறை மறந்தால் போதும்.

தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாப்ட் 2019-ல் சொன்னது.

இதற்கு மாற்று பிறந்திருக்கிறது. ‘ரஸ்ட்’ என்ற மொழி 2015-ல் முதல் முழு வடிவம் பெற்றது. எல்லை மீறும் நிரலை எழுதினால், அது சில நேரம் தொடக்கத்திலேயே தடுத்துவிடும். இல்லையென்றால் ஓடும்போது நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டு போனுக்கும் அடிப்படையாக உள்ள லினக்ஸ் கெர்னலில் 2022 டிசம்பரில் ரஸ்ட் மொழிக்கு இடம் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இத்தகைய பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, நினைவகப் பிழைகளின் பங்கு 2019-ல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்தது என்று கூகுள் தெரிவித்தது.

வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எந்திரம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும் எந்திரத்தை விற்கிறீர்கள். அதில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அத்தனை ஆண்டு திருத்தம் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களும் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மோட்டாருக்கு உத்தரவாதச் சீட்டுக் கேட்கிறவர்கள் மென்பொருளுக்கும் கேட்கலாமே! கொங்கு நாட்டுத் தொழில் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் விற்பவர் மறுக்க முடியாது.

அரசும் கல்லூரியும்

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வானாக்ரை வந்து ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்று முதல் மஞ்சள் வியாபாரியும் விசைத்தறிக்காரரும் இணையத்தில் கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சரக்கு லாரிக்கு இணைய வழிச் சீட்டும் வந்தது. கம்ப்யூட்டரே வேண்டாம் என்று இருந்தவர்களும் அதன் முன் உட்கார்ந்தார்கள்.

இணையத்துக்கு வாருங்கள் என்று மக்களை அழைத்த அரசுக்கு, அங்கே பத்திரமாக இருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் கடமையும் உண்டு. மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆனால் பள்ளிப் படிப்போடு நின்ற கடைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அவை வீதிக்கு வர வேண்டும். ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும் திருத்தம் போடும் பொறுப்பு இன்னாருக்கு என்று பெயர் குறிக்க வேண்டும். எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும்.

கோவையில் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்றே மேற்படிப்பு இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் மாணவர்கள் மரம் நடுகிறார்கள், தெருவைக் கூட்டுகிறார்கள். அதோடு அந்த ஊர்க் கம்ப்யூட்டர்களையும் ஒரு நாள் பார்த்துக் கொடுத்தால் என்ன? மாணவருக்கும் பயிற்சி, ஊருக்கும் பாதுகாப்பு.

வானாக்ரையிடமிருந்து தப்பியவர்கள் பெரிய மேதைகள் அல்லர். பெரும் பணக்காரர்களும் அல்லர். வந்த திருத்தத்தை வந்த மாதத்தில் போட்டவர்கள். அவ்வளவுதான்.

அடுத்த ஓட்டை எப்போது தெரியவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தால் திருத்தம் வரும். திருத்தம் திருடனுக்கு முன்பு வருமா, பின்பு வருமா என்பது வேறு. முன்பு வந்தும் தோற்றுப் போனோம் என்ற பேச்சு மட்டும் கொங்கு நாட்டில் எழக்கூடாது.